சுயம்புவின் மணல் வண்டியும் தூக்குச் சட்டியும்

கோணவிளையில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. மூணு பேர் சேர்ந்தால் ஒரு யோசனை கட்டாயம் வந்துவிடும். அந்த மூணு பேர் யாரென்றால் சுயம்பு, அவனுடைய சகலை பால்துரை, ரெண்டு பேருக்கும் பொதுவான சேக்காளி அய்யாக்குட்டி.

சுயம்புவுக்குத் தேரி மேலே முந்திரித் தோப்பு. அந்தச் செம்மணல் மேட்டில் சைக்கிள் போகாது, மாட்டு வண்டி புதையும். அதனால் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக்கொண்டிருந்த பழைய மணல் வண்டி ஒன்றை வாங்கி வந்தான். பூசணிக்காய் மாதிரி நாலு டயர், பைக் மாதிரி ஹேண்டில். தங்கமான வண்டி. ஒரே ஒரு குறைதான். திடீரென்று ஃபியூஸ் கருகி நின்றுவிடும். புது ஃபியூஸ் போட்டால் ஓடும். ஒண்ணு ரெண்டு நாளில் அதுவும் கருகும்.

தேரிக்கு அந்தப் பக்கம் சுயம்புவின் அக்கா தங்கபுஷ்பம் வீடு. அவள் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், தோடும் அவன் கையால்தான் வர வேண்டும். ரெண்டு தடவை நாள் குறித்தாயிற்று. ரெண்டு தடவையும் மாமன்காரன் பாதித் தேரியில் வண்டியோடு நின்றுவிட்டான். அங்கிருந்து நடந்தால் அரை மணி நேரம்தான். ஆனால் "வண்டி வச்சிருக்கவன் நடந்து போனா வண்டிக்கு என்ன மரியாத?" என்று மூணு பேரும் பொழுது சாயும்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா போன் போட்டாள்.

"ஏலே சுயம்பு, வார வெள்ளிக்கெழம பத்தரைக்கு நீ வரலன்னா, பிள்ளைய அவ சித்தப்பன் மடியில உக்கார வச்சிருவேன். பொறவு மாமன்னு சொல்லிக்கிட்டு என் வாசப்படி மிதிக்காத."

சுயம்புவுக்குப் பகீரென்றது. அன்றைக்கு மூணு தட்டுச் சோறு தின்கிறவன், ரெண்டரையோடு எழுந்துவிட்டான்.

மெக்கானிக் எட்வினிடம் கேட்டார்கள். "விட்டு விட்டு வார கோளாற சும்மா பாத்துக் கண்டுபிடிக்க முடியாது அண்ணாச்சி. என்னைக்கு நிக்குது, அன்னைக்கு என்னென்ன நடந்துதுன்னு ஒண்ணு விடாம எழுதி வைங்க" என்றான்.

எழுதுகிற வேலை அய்யாக்குட்டிக்கு. மூணு பேரில் அவன்தான் படிப்பாளி. ஆறாங்கிளாஸை மட்டுமே ரெண்டு வருஷம் படித்தவன்.

'ஞாயிறு. பால்துரை மூணு தும்மல். சுயம்பு கொண்டுவந்த சோறு, சாம்பார். ஃபியூஸ் போச்சு. திங்கள். தும்மல் இல்லை. சாளை மீன் குழம்பு. ஃபியூஸ் போச்சு.'

நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு மூணு பேரும் யோசித்தார்கள்.

"தும்மல் இல்ல வே. திங்கக்கெழமை நான் தும்மவே இல்லியே" என்றான் பால்துரை. அவனுக்குப் பெரிய நிம்மதி.

"அப்ப மிச்சம் இருக்கது சமையல்தான்" என்றான் அய்யாக்குட்டி.

"எம் பொண்டாட்டி சமையலயா சொல்லுத?"

"திங்கிற நமக்கே ஒரு மாதிரி இருக்கு. வண்டி பாவம் வே, வாயில்லாச் சீவன்."

இது சுயம்புவின் பெண்டாட்டி ஜெயக்கனி காதில் விழுந்துவிட்டது. மறுநாள் அவள் சோறே கட்டிக் கொடுக்கவில்லை. வண்டியோ நாள் பூராவும் நிற்காமல் ஓடியது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்!

நோட்டைப் போனில் வாசித்துக் காட்டினார்கள். எட்வின் முதல் வரியிலிருந்து மறுபடியும் வாசிக்கச் சொன்னான்.

"அண்ணாச்சி, சோத்த எதுல கொண்டு போறிய?"

"எவர்சில்வர் தூக்குச் சட்டியில."

"சட்டிய எங்க வைப்பிய?"

"ஹேண்டில்லதான் தொங்கவிடுவேன்."

"அதான் கத! சட்டிக் கைப்பிடி லைட்டு வயர்ல உரசி உரசி வயரு தோலு உரிஞ்சிட்டு. கம்பி பட்டதும் ஃபியூஸ் போவுது. உரசுததுக்கு நல்லா டேப் சுத்துங்க. இனிமே அந்தச் சட்டி வண்டிப் பக்கமே வரக் கூடாது, சொல்லிட்டேன்."

வெள்ளிக்கிழமை காலையில் டேப்போடு உட்கார்ந்தார்கள். ஜெயக்கனி முந்தின நாளே பஸ்ஸில் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்கு வண்டி மேலும் நம்பிக்கை இல்லை, ஓட்டுகிறவன் மேலும் நம்பிக்கை இல்லை. போகும்முன் தூக்குச் சட்டி நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரம் வைத்து, அதன் மேலே தோட்டு டப்பியையும் வைத்து மூடியிருந்தாள்.

"உரசுதது யாரு வே? வயரா, சட்டியா?" என்று கேட்டான் சுயம்பு.

"வயரு பாட்டுக்குச் சும்மா கெடக்கு. சட்டிதான் போயி உரசுது."

"தப்பு செஞ்சவனுக்குத்தான் கட்டுப் போடணும்."

சட்டிக்குச் சுற்றினார்கள். முழு உருளையும் தீர்ந்தபோது அது கறுகறுவென்று பனங்காய் மாதிரி இருந்தது.

அடுத்த சிக்கல். சட்டி வண்டியில் வரக் கூடாது. தோடோ சட்டிக்குள் இருக்கிறது. அதைத் தாய்மாமன்தான் கொண்டுபோக வேண்டும். ஆகவே பால்துரையும் அய்யாக்குட்டியும் வண்டியில் போக, சுயம்பு சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான்.

பத்து மணிக்கு வண்டி அக்கா வீட்டு வாசலில் கம்பீரமாக வந்து நின்றது.

"எங்கல எந் தம்பி?"

"வாரான் எக்கா, நடந்து வாரான். வண்டியப் பாத்தியளா? வழியில ஒரு முனகல் உண்டா!"

"போயி அவன ஏத்திட்டு வாங்கல, கூறுகெட்டவங்களா!"

போனார்கள், ஏற்றி வந்தார்கள். பத்தேகாலுக்குச் சுயம்பு மணையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கினான். மாமன் முகத்தில் என்ன பூரிப்பு! காது குத்த வந்த ஆசாரி கையை நீட்டினார்.

"தோடு?"

"சட்டிக்குள்ள இருக்கு."

"சட்டி?"

"தேரி மேல முந்திரி மரத்தடியில பத்திரமா இருக்கு. வண்டியில ஏத்தக் கூடாதுல்லா."

தங்கபுஷ்பம் தம்பியை அடிக்கக் கையை ஓங்கி, மணியைப் பார்த்துக் கையை இறக்கினாள். "வண்டியில போயி எடுத்துட்டு வா" என்றால் இவன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டுச் சட்டியோடு நடந்து வருவான் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளையை இடுக்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள், ஆசாரியை ஏற்றினாள், தம்பியை ஓட்டச் சொன்னாள். மிச்ச சனம் பின்னாலேயே ஓடியது.

மரத்துக்குப் பத்தடி தள்ளி வண்டியை நிறுத்தினான் சுயம்பு. ஆசாரி கத்தரியால் டேப்பை வெட்டிச் சட்டியைத் திறக்கவும், பத்தரை ஆகவும் சரியாக இருந்தது. மாமன் மணலில் சம்மணம் போட்டான். பிள்ளை மடியில் உட்கார்ந்தது. காது குத்தியாயிற்று. அது போட்ட கத்தலில் ரெண்டு ஊர் நாய்களும் எழுந்து குரைத்தன. வாயில் ஒரு துண்டு முந்திரிக்கொத்து வைத்ததும் அடங்கிற்று. எல்லாருக்கும் சந்தோஷம், ஆளுக்கு ரெண்டு தின்று சட்டியைக் காலி பண்ணினார்கள்.

திரும்புவதற்குத் தங்கபுஷ்பம் வண்டியில் கால் வைத்தாள். சுயம்பு குறுக்கே விழுந்தான்.

"எக்கா, ஏறாத!"

"ஏன்ல? சட்டிதான் அந்தா கெடக்கே."

"சட்டிக்குள்ள இருந்தது பூராவும் இப்ப நம்ம வயித்துக்குள்ளல்லா இருக்கு!"

"பிள்ள காதுல வேற தோடு இருக்கு" என்று பால்துரை எடுத்துக் கொடுத்தான்.

ஊரே நின்று யோசித்தது. ஆசாரிக்கு மட்டும் சர்க்கரை வியாதி, முந்திரிக்கொத்தைத் தொடவில்லை. ஜென்மத்தில் சைக்கிள்கூட ஓட்டாத மனுசனைப் பிடித்து ஏற்றினார்கள். எதை முறுக்க வேண்டும், எதை அமுக்க வேண்டும் என்று அய்யாக்குட்டி சொல்லிக் கொடுத்தான். ஆசாரி குலதெய்வத்தைக் கும்பிட்டு, தன் இரும்புச் சாமான் பெட்டியை ஹேண்டிலில் தொங்கவிட்டுக் கிளம்பினார். சனம் பின்னால் நடந்தது.

இருபதடி போனது வண்டி. 'பட்' என்று ஒரு சத்தம். நூல் மாதிரி புகை. நின்றுவிட்டது.

சுயம்பு மெதுவாகக் கிட்டே போய், ஆசாரி தோளில் ஆறுதலாகக் கையைப் போட்டான்.

"ஆசாரியாரே, மறைக்காமச் சொல்லும். இன்னைக்கு உம்ம வீட்டுல என்ன சமையல்?"