பசியாத பாசி

கடலோரத்தில் ஒரு மடம். பெரியநாயகி அம்மைதான் அங்கே குரு. அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. விரதம் இருக்கிறவர்கள் காரணத்தை முன்கூட்டியே அடுக்களையில் சொல்லிவிட வேண்டும். உலையில் அரிசி அளவாகப் போடணுமே, அதற்காக.

ஒரு காலையில், சமையல் பார்க்கிற வடிவாம்பாள் அம்மையிடம் வந்து நின்றாள்.

"உங்க சிஷ்யர் திருமாறன் நேத்துலேர்ந்து சாப்பிட வரலைம்மா. காரணமும் சொல்லலை. மீந்த சோறெல்லாம் காக்காய்க்குப் போகுது. தின்னுட்டுப் பறக்க முடியாம உட்கார்ந்திருக்குதுங்க."

அம்மை சிரித்துக்கொண்டே எழுந்தார்.

திருமாறன் தலை நரைத்தவர். ஆராய்ச்சிக்கூடத்தில் பல காலம் இருந்துவிட்டு மடத்துக்கு வந்தவர். மடத்தின் பின்னால் ஒரு புல்கூட முளைக்காத உப்புத்தரை. அங்கே கண்ணாடித் தொட்டிகள் வைத்துப் பாசி வளர்த்தார். அந்தப் பாசியிலிருந்து எண்ணெய் எடுத்தார். ஒருநாள் படகும் பம்புசெட்டும் அந்த எண்ணெயில் ஓடும் என்பது அவர் நம்பிக்கை.

அம்மை போனபோது அவர் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு பிளீச்சிங் பவுடர் மூட்டை.

"இது எதுக்கு?"

"உங்களை ஒண்ணு கேக்கணும்மா. நீங்க தப்புன்னு சொன்னா, இதைத் தொட்டியில கொட்டிடுவேன். பாசி பூரா செத்துப்போயிடும்."

"கேளு."

"முந்தாநாள் கல்யாண வீட்டுல எங்கண்ணன் எல்லார் முன்னாடியும் கேட்டாரு. ஆண்டவன் எழுதினதைத் திருத்த நீ யாருடான்னு. அன்னையிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலை."

அம்மை தொட்டிகளைப் பார்த்தார். ஒன்று வெளிறி மஞ்சளாகக் கிடந்தது. பக்கத்துத் தொட்டி நாற்றங்கால் மாதிரி பச்சைப்பசேல் என்று இருந்தது.

"இது ஏன் இப்படி வாடியிருக்கு?"

"அது பழைய பாசி. அதுக்கு உரத்தை நிறுத்திப் பட்டினி போடணும். அப்பத்தான் எண்ணெய் சேர்க்கும். ஆனா பட்டினி போட்டா வளராது."

"இந்தப் பச்சை?"

அதுவரை தொங்கியிருந்த திருமாறனின் முகம் நிமிர்ந்தது.

"அதோட மரபணுவில ஒரே ஒரு இடத்தை மாத்தினேம்மா. இப்போ வயிறு நிறைஞ்சிருக்கும்போதே எண்ணெய் சேர்க்குது. வளரவும் வளருது. நெல்லு விளையற நிலம் வேண்டாம், நல்ல தண்ணி வேண்டாம். வெயிலும் உப்புத்தண்ணியும் கொஞ்சம் உரமும் போதும்."

அம்மை கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். வெயில் பட்டு அது வெதுவெதுப்பாக இருந்தது. பச்சைத் தண்ணீருக்குள் சின்னச் சின்னக் குமிழிகள் ஏறிக்கொண்டே இருந்தன. அவர் வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"எண்ணெய் எடுத்து வச்சிருக்கியா?"

ஒரு சின்ன சீசாவில் வைத்திருந்தார். அம்மை அதை வாங்கிக்கொண்டு சந்நிதிக்கு நடந்தார். திருமாறன் பின்னாலேயே ஓடினார்.

"அம்மா, சாமி விளக்குக்கா? வேண்டாம்மா!"

அம்மை அகலைத் துடைத்து எண்ணெய் ஊற்றினார். புதுத்திரி போட்டு ஏற்றினார். சுடர் ஒருமுறை தயங்கியது. பிறகு நின்று எரிந்தது.

வாசலில் நின்ற வடிவாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மீன் நாத்தம் அடிக்கும்னு நினைச்சேன். சும்மா சொல்லக்கூடாது, அழகாத்தான் எரியுது."

அம்மை கண்மூடிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

"வடிவு, ஒரு இலை போடு."

சுடச்சுடச் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் வந்தன. திருமாறன் உட்கார்ந்தார். ஆனால் கை இலைக்குப் போகவில்லை.

"அம்மா, நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலையே."

"தொட்டியை மூடி வச்சிருக்கியா?"

"மூடித்தாம்மா இருக்கு."

"தண்ணியை மாத்தும்போது பாசி கொஞ்சம் தப்பிச்சு வெளியில போனா?"

"காய்ச்சாம ஒரு சொட்டும் வெளியில விடமாட்டேன். ஆனாலும் பயமா இருக்கும்மா. ராத்திரி எழுந்து போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன்."

"நல்லது. அந்தப் பயம் போகவே வேண்டாம்."

திருமாறன் நிமிர்ந்து பார்த்தார்.

வடிவாம்பாளுக்குப் பொறுக்கவில்லை. "சாப்பிடுங்க ஐயா, ஆறிப்போகுது. தொட்டிப் பக்கத்துல கிடக்கிற பிளீச்சிங் மூட்டையை நான் எடுத்துக்கறேன். குளிக்கிற இடத்துல பாசி வழுக்கி நேத்து நான் விழப்பார்த்தேன்."

"எடுத்துக்கிட்டுப் போ," என்றார் அம்மை.

அவள் மூட்டையை எடுக்கப் போனாள். திருமாறன் தடுக்கவில்லை. ஆனால் சோற்றில் இன்னும் கை வைக்கவில்லை.

அம்மை அவர் இலையில் இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

"உன் பயத்தைத் தொட்டிக்குப் பூட்டா வச்சுக்கோ, திருமாறா. அந்தச் சின்ன உசுரைப் பட்டினி போடாம வேலை வாங்கணும்னு உனக்குத் தோணவச்சவன், உன்னை மட்டும் பட்டினி கிடன்னு சொல்லுவானா? சாப்பிடு."