ஆறுக்காரனும் எட்டுக்காரனும்

கோணங்குளத்தில் முட்டாள்கள் இருந்தார்கள் என்று எழுதினால் அந்த ஊர்க்காரர்கள் வருத்தப்படுவார்கள். அதனால் கோணங்குளத்தில் ஒரு நற்பணி மன்றம் இருந்தது என்று எழுதுகிறேன்.

மன்றத்துக்கு மூன்று நிர்வாகிகள். தலைவர் ஆவுடையப்பன் எதையும் யோசிக்காமல் சொல்ல மாட்டார். யோசித்த பிறகும் அதையேதான் சொல்வார். செயலாளர் மாசானம். பொருளாளர் கொம்பையா. மன்றத்தின் சொத்து ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு கண்ணாடி அலமாரி. ஜெயிக்கும் கோப்பைகளை அடுக்குவதற்காக வாங்கிய அலமாரி அது. வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. கோப்பைதான் இன்னும் வரவில்லை.

இந்த வருஷம் வந்துவிடும் என்று நம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை டவுனில் கம்ப்யூட்டர் கார் பந்தயப் போட்டி. ஒவ்வொரு அணியும் சொந்தக் கம்ப்யூட்டரோடு வரவேண்டும். கோப்பை மூன்றடி உயரம் என்று நோட்டீஸில் படத்தோடு போட்டிருந்தது. மன்றத்தில் இதை நன்றாக விளையாடும் இளைஞர்கள் நான்கு பேர் உண்டு. அவர்கள் முட்டாள்கள் இல்லை. அதனால் அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கொம்பையா கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது.

"உள்ள யாரு இருக்கான்னு இங்க ஃபேன் ஓடுது? கரண்டுக்குப் பிடிச்ச கேடு" என்று சொல்லி, பக்கவாட்டு ஓட்டை வழியாக ஒரு ஈர்க்குச்சியைச் செருகி அதை நிறுத்தினார். கால் மணி நேரத்தில் கம்ப்யூட்டரும் நின்றுவிட்டது. உள்ளே இருந்த பிராசஸர், அதாவது அந்தப் பெட்டியின் மூளை, வெந்துபோயிருந்தது. கோணங்குளத்தில் மூளை என்று சொல்லும்படி இருந்தது அது ஒன்றுதான்.

இதில் கலங்கிப்போனவள் தங்கபுஷ்பம். கம்ப்யூட்டர் பட்டம் வாங்கியவள். மன்றத்தில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவள். இப்போது அவளுடைய சொந்த விண்ணப்பம் பாக்கி இருந்தது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும் அரசு வேலைத் தேர்வு. கடைசி நேரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. டவுனில் இருக்கும் ஒரே இன்டர்நெட் கடைக்காரர் மகள் கல்யாணத்துக்காக வாரம் முழுக்கக் கடையைப் பூட்டியிருந்தார். போனில் நிரப்பினால் புகைப்படம் ஏற்றும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் நின்றது. நான்கு தடவை நிரப்பிப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர் கடைக்காரர் இரண்டு பிராசஸர்களைக் கொண்டுவந்தார். நல்ல மனுஷன், கோணங்குளத்துக்குப் புதியவர்.

"இதுல ஆறு கோர். உள்ள ஆறு பேர் உக்காந்து வேலை பாக்குத மாதிரி. ஆனா ஒவ்வொருத்தனும் வேகம். கேமுக்கு நல்லது. அதுல எட்டு பேர். கொஞ்சம் நிதானம், ஆனா நாலு வேலையை ஒண்ணா இழுத்துப் போட்டுச் செய்வான். அன்றாட வேலைக்குத் தோது. உங்க பெட்டிக்கு ரெண்டும் பொருந்தும். ஒரே மாதிரி நெலமையில வச்சு ஒப்பிட்டுப் பாருங்க. ஒண்ணை வச்சுக்கிட்டு மத்ததை வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள கொடுத்துருங்க."

அவர் சொன்னது இவ்வளவுதான். பிறகு நடந்ததற்கு அவர் பொறுப்பில்லை.

தங்கபுஷ்பம் உடனே சொன்னாள். "அண்ணாச்சி, ஒரு மணி நேர வேலை. முதல்ல ஒண்ணை மாட்டுதேன், கேமை ஓட்டிப் பாக்கோம். அப்புறம் மத்ததை மாட்டி ஓட்டுதோம். எது உங்களுக்குச் சரின்னு நானே சொல்லிருதேன்."

ஆவுடையப்பன் யோசித்தார். "எம்மா, உனக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி. படிச்சிருக்கேன்லா."

"அப்ப நீ தீர்ப்புச் சொல்லக் கூடாது. கபடிக்கு நடுவர் யாரு? ரெண்டு டீமையும் தெரியாதவன். தெரிஞ்சவன் ஒரு பக்கமாச் சாய்ஞ்சிருவான்."

ஆகவே கம்ப்யூட்டர் பற்றி எதுவுமே தெரியாத ஒருவரை நடுவராகத் தேடினார்கள். போட்டி கடுமையாக இருந்தது. சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்ததால் கொம்பையா தோற்றார். திரையைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டதற்கு, "யார் வீட்டுது?" என்று திருப்பிக் கேட்ட மாசானம் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

புதன்கிழமை காலை பத்து மணி. தங்கபுஷ்பம் ஆறுக்காரனைப் பொருத்தி, மேலே சூடு தணிக்கும் குளிர்பசையை அரிசி அளவு வைத்து, காற்றாடியை மாட்டினாள். அந்த நான்கு இளைஞர்களில் ஒருவன் விளையாட உட்கார்ந்தான். தலைவர் தடுத்தார்.

"நீ நல்லா ஓட்டுவ. அப்ப ஓடுதது நீயா, பிராசஸரான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? எழுந்திரு. கொம்பையா ஓட்டட்டும்."

கொம்பையா ஓட்டினார். கார் கிளம்பிய இடத்திலிருந்து நேராகப் போய் ஒரு சுவரில் மோதி அங்கேயே நின்றது. திரையின் மூலையில் தொண்ணூறு என்று எண் ஓடியது.

"விநாடிக்குத் தொண்ணூறு படம் போடுது அண்ணாச்சி. படம் கூடக்கூட கேம் வழுக்கிட்டுப் போவும்" என்றாள் தங்கபுஷ்பம்.

"யாரு சொன்னா?"

"கம்ப்யூட்டர்தான் சொல்லுது."

"அவன் வேகத்தை அவனே சொன்னா சாட்சி யாரு? மாசானம், நீ எண்ணு."

மாசானம் கண்ணை இடுக்கி எண்ணினார். ஒரு விநாடிக்குள் மூன்று வரைதான் எண்ண முடிந்தது. 'ஆறுக்காரன்: மூன்று' என்று நோட்டில் எழுதினார்கள்.

டீ வந்தது. உள்ளே ஆறு பேர் என்று கடைக்காரர் சொல்லியிருந்ததால் ஆறு டீ கூடுதலாகச் சொல்லியிருந்தார்கள். பெட்டிக்கு முன்னால் வரிசையாக வைத்து, ஆறியதும் நிர்வாகிகளே குடித்தார்கள். அந்த நேரத்தில் வெளியே ஒரு நாய் குரைத்தது. கொம்பையா இரண்டு தும்மல் போட்டார். பதினொன்றரை ஆகிவிட்டது.

"இப்ப எட்டுக்காரனை மாட்டட்டுமா அண்ணாச்சி?"

"அது எப்படி? ஆறுக்காரன் ஓடுனது பத்து மணிக்கு. ஒரே மாதிரி நெலமைன்னு சொல்லிட்டுப் போயிருக்காருலா. நாளைக்குப் பத்து மணிக்கு. அதுவரைக்கும் வேற வேலைக்கு ஒருத்தனையும் தொடக் கூடாது" என்று தலைவர் இரண்டையும் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு எட்டுக்காரன் பெட்டிக்குள் இருந்தான். ஆனால் முந்தின நாள் மோதிய சுவரைக் கொம்பையாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதே சுவரில் மோத வேண்டும் என்று தலைவர் கறாராக இருந்தார். கொம்பையா வேறு பதினேழு சுவர்களில் மோதினார். கடைசியில் அவரே அறியாமல் அந்தச் சுவருக்கு வந்து சேர்ந்தார்.

அடுத்தது தும்மல். கொம்பையாவின் மூக்கில் மிளகாய்ப் பொடி காட்டினார்கள். இரண்டு போதும், ஒன்பது வந்தது. "ஏழு கூடுதல். கழிச்சு எழுதிக்க" என்றார் தலைவர்.

அடுத்தது நாய். நாயைப் பிடித்து வந்தார்கள். அது குரைக்கவில்லை. மாசானம் அதன் முன்னால் குத்தவைத்துக் கெஞ்சினார். பிறகு மிரட்டினார். பிறகு எப்படிக் குரைப்பது என்று நாலு காலில் நின்று செய்து காட்டினார். நாய் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் தன் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டது அந்த நாய் மட்டும்தான்.

"நாய் பேச மாட்டேங்குது. நீயே குரைச்சிரு" என்று தலைவர் உத்தரவிட்டார். மாசானம் குரைத்தார். மணி மூன்று.

இனி டீ. இங்கேதான் பெரிய விவாதம்.

"எட்டுப் பேருக்கு எட்டு டீ சொல்லணும்லா?" என்றார் கொம்பையா.

"நேத்து ஆறுதானவே கொடுத்தோம்? இவனுக்கு ரெண்டு கூடக் கொடுத்தா ஒரே நெலமை எங்க இருக்கு?" என்றார் தலைவர்.

"அப்ப ரெண்டு பேரு டீ இல்லாம வேலை பாப்பானா? நீரு பாப்பீரா?"

"பாக்க மாட்டேன்."

பிறகு ஆவுடையப்பன் கேட்டார். "எம்மா, எட்டுல ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்ப முடியுமா?"

பொய் சொல்லத் தெரியாத குணம் தங்கபுஷ்பத்துக்கு. "ரெண்டு கோரை அமத்தி வைக்கலாம் அண்ணாச்சி. ஆனா அப்படி அமத்தினா அது எட்டுக்காரனே இல்லையே..."

"அமத்து."

இரண்டு கோர்களை அணைத்து வைத்தாள். மாசானம் மறுபடி எண்ணினார். மூன்று. ஆனால் திரையில் எழுபது என்று ஓடியதைக் கொம்பையா பார்த்துவிட்டார். நேற்றுத் தொண்ணூறு, இன்று எழுபது. "ஆறுக்காரன் வேகமா ஓடி ஜெயிக்கான். வேகமா ஓடுதவனை வேகமா ஓட விட்டா ஜெயிக்கத்தான செய்வான்? அது என்ன போட்டி?" என்று கொதித்தார். இது நியாயம் என்று எல்லோருக்கும் பட்டது. ஆறுக்காரனை மறுபடி மாட்டி, அவனும் எழுபது காட்டும்வரை அவன் வேகத்தைக் குறைக்கச் சொன்னார்கள். தங்கபுஷ்பம் குறைத்தாள். அவள் கைவிரல் முழுக்கக் குளிர்பசை.

நோட்டில் முடிவு எழுதப்பட்டது: 'முழுமையான சோதனைக்குப் பிறகு இரண்டும் சமம் என்று தெரிகிறது.'

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, எதை எடுப்பது என்ற கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தங்கபுஷ்பம் வாசலில் சான்றிதழ்களோடு நின்றாள்.

"அண்ணாச்சி, ஏதாவது ஒண்ணை மாட்டி அரை மணி நேரம் கொடுங்க. அஞ்சு மணியோட மூடிருவான். இதை விட்டா மூணு வருஷம் காத்துக் கிடக்கணும்."

"முடிவாகாம ஒருத்தனுக்கு வேலை கொடுத்தா மத்தவன் மனசு என்ன பாடுபடும்?" என்றார் தலைவர்.

அவள் யோசித்தாள். "அண்ணாச்சி, கேம்ல பாத்தாச்சு. அன்றாட வேலையில பாக்கலையே? என் விண்ணப்பந்தான் அன்றாட வேலை."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். விட்டுப்போன சோதனை! ஒத்துக்கொண்டார்கள். ஆனால் நியாயமாக நடக்க வேண்டும். விண்ணப்பத்தில் ஆறு பக்கம். முதல் பக்கம் ஆறுக்காரன், இரண்டாம் பக்கம் எட்டுக்காரன், மாற்றி மாற்றி.

அவள் எவ்வளவோ சொன்னாள். கேட்கவில்லை. முதல் பக்கத்தை முடித்து, கம்ப்யூட்டரை அணைத்து, ஆறுக்காரனைக் கழற்றி, பசையைத் துடைத்து, எட்டுக்காரனை மாட்டித் திறந்தால் நிரப்பியதெல்லாம் அழிந்து மறுபடி முதல் பக்கம். "முதல் பக்கம் ஆறுக்காரனுடையது. அவனைக் கூப்பிடு" என்றார் நடுவர் மாசானம். மூன்று தடவை இப்படியே. மணி நான்கு இருபது. அவள் பெயரையும் பிறந்த தேதியையும் தவிர எதுவும் எழுதியிருக்கவில்லை.

அப்போதுதான் அவள் மூன்றாண்டுப் படிப்பை ஓரமாக வைத்துவிட்டு, அவர்கள் மாதிரி யோசித்தாள்.

"அண்ணாச்சி, ஒரே மாதிரி நெலமைன்னா ஆளுக்குப் பாதியா? ஆறுக்காரனும் முழு விண்ணப்பம் அனுப்பணும், எட்டுக்காரனும் முழு விண்ணப்பம் அனுப்பணும். அதானே முறை?"

ஆவுடையப்பன் மேசையைத் தட்டினார். "இத்தனை நாளா இது ஏன் யாருக்கும் தோணல?"

ஆறுக்காரன் பெட்டிக்குள் இருந்தான். ஆறு பக்கத்தையும் நிரப்பினாள். நான்கு நாற்பத்தேழுக்கு 'விண்ணப்பம் ஏற்கப்பட்டது' என்று வந்தது. பதிவு எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். தாளிலும் எழுதிக்கொண்டாள்.

"ஆறுக்காரன் இருபத்தேழு நிமிஷம்" என்று மாசானம் எழுதினார். "அடுத்து எட்டுக்காரன்."

நான்கு ஐம்பத்தெட்டுக்கு எட்டுக்காரன் தயாரானான். தங்கபுஷ்பம் அதே பெயரையும் தேதியையும் போட்டு அழுத்தினாள். கண் இமைக்கும் நேரத்தில் திரையில் வந்தது: 'உங்கள் விண்ணப்பம் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டது.'

மூவரும் திரையை நெருங்கிப் பார்த்தார்கள்.

"ஏற்கெனவேயா?" என்றார் கொம்பையா.

"அவன் இருபத்தேழு நிமிஷம் முக்கினான். இவன் நாம சொல்லுததுக்கு முந்தியே முடிச்சு வச்சிருக்கான்வே!" என்றார் தலைவர்.

தங்கபுஷ்பம் விளக்க வாயைத் திறந்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

எட்டுக்காரன் ஜெயித்தான். ஆவுடையப்பன் அவனைப் பெட்டியிலிருந்து கழற்றி, கையில் ஏந்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சொல்லும் முன்னயே வேலையை முடிக்கிறவனுக்குக் கம்ப்யூட்டர் எதுக்குவே? கரண்டு எதுக்கு? அது ஆறுக்காரன் மாதிரிச் சோம்பேறிக்குத்தான் வேணும்." அன்றிரவே ஆறுக்காரனைக் கம்ப்யூட்டருக்குள் மாட்டி, கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் வைத்துவிட்டு வந்தார்கள். எட்டுக்காரனைக் கண்ணாடி அலமாரியில் வைத்து மாலை போட்டார்கள்.

சனிக்கிழமை சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க ஒருவர் வந்தார். மாசானம் அலமாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏற்கெனவே அனுப்பியாச்சு, போங்க" என்றார். அன்றைக்கு மட்டும் பதினான்கு பேர் வேலையை இப்படி முடித்துக் கொடுத்தார். ஊரே மெச்சியது.

ஞாயிற்றுக்கிழமை கார் பந்தயம். எட்டுக்காரன் அதையும் ஏற்கெனவே ஜெயித்திருப்பான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கோப்பையை வாங்கி வருவதுதான் பாக்கி. வேன் பேசினார்கள். மூன்றடிக் கோப்பை அடிபடாமல் வர இடம் வேண்டும் என்பதால், விளையாட வந்து வேனில் ஏறியிருந்த நான்கு பேரையும் இறக்கிவிட்டுக் கிளம்பினார்கள்.