ஒட்டகச்சிவிங்கிப் பலகையும் அரை டிக்கெட்டும்

மேட்டுக்கொல்லையில் அறிவுப் பஞ்சம் எந்த வருஷம் தொடங்கியது என்று கேட்டால் ஊரில் யாருக்கும் சொல்லத் தெரியாது. பஞ்சம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அஞ்சலாட்சி. வரும்போது தெளிவாகத்தான் வந்தாள், பாவம்.

அவளுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் கடற்கரைச் சாலையில் ‘குதூகல லோகம்’ என்று ஒரு கேளிக்கைப் பூங்கா. அங்கேயிருக்கும் ராட்சத ராட்டினத்தில் அவள் தங்கை கற்பகம் ஏறிவிட்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து காதுகுத்தோ வளைகாப்போ, பந்தியில் இலை போட்டதுமே கற்பகம் ஆரம்பித்துவிடுவாள். “மேலேருந்து பாக்குற கடலே வேறக்கா. சரி, உனக்குச் சொன்னா எங்க புரியப்போவுது.” அஞ்சலாட்சி கரையில் நின்று புடவை நனையக் கடல் பார்த்தவள்தான், மேலிருந்து பார்த்ததில்லை. அந்த ‘எங்க புரியப்போவுது’ அவள் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது.

கல்யாண நாளன்று கூட்டிப்போவதாக அவள் புருஷன் கன்னியப்பன் வாக்குக் கொடுத்தான். கொடுத்த பிறகு டிக்கெட் விலையை விசாரித்துவிட்டு அரை நாள் பாயில் படுத்துக் கிடந்தான். அவனை அவன் அம்மா குப்பம்மாள் இரண்டே சட்டம் சொல்லி வளர்த்திருந்தாள். குறைத்துக் கேட்காமல் எதையும் வாங்காதே. குறைத்துக் கேட்கும்போது பொய் சொல்லாதே. பஸ் கண்டக்டரிடமே பேரம் பேசுகிற குடும்பம் அது. ஆகவே தள்ளுபடி வேண்டும், அதுவும் நேர்மையான தள்ளுபடியாக வேண்டும் என்று கன்னியப்பன் எழுந்து உட்கார்ந்தான். யோசனைக்குத் துணையாகச் சின்ன வயதுக் கூட்டாளிகள் ஏகாம்பரத்தையும் தனகோட்டியையும் சேர்த்துக்கொண்டான். கல்யாண நாளுக்கு இவர்கள் எதற்கு என்று அஞ்சலாட்சி கேட்டாள். தள்ளுபடி கேட்கத் தனியாளாகப் போனால் ஏமாற்றிவிடுவார்களாம்.

பூங்கா வாசலில் டிக்கெட் கொடுக்கிற ஜன்னல். அதன் பக்கத்தில் சலுகைகள் எழுதிய பெரிய போர்டு. ஆண்கள் மூவரும் கைகட்டி நின்று, கோயில் கல்வெட்டைப் படிப்பதுபோல அதைப் படித்தார்கள்.

முதல் வரியில், முன்கூட்டியே போனில் பதிவு செய்தால் தள்ளுபடி என்றிருந்தது. தனகோட்டி ஜன்னலுக்கு முன்னால் நின்றபடியே போர்டிலிருந்த நம்பருக்குப் போன் போட்டான். உள்ளே இருந்தவர் எடுத்தார். இருவரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே பேசினார்கள். நாளைக்குத்தான் பதிவு செய்ய முடியும் என்றார் அவர்.

“அப்ப நாளைக்கே போடுங்க. இன்னிக்கு உள்ள உடுங்க” என்றான் தனகோட்டி.

“நாளை டிக்கெட்டுக்கு நாளைக்குத்தான் வரணும்.”

“நாளைக்கு வந்தா அது சரியான நேரத்துக்கு வந்த மாதிரி ஆயிடுமே. முன்கூட்டியே வந்தாத்தான தள்ளுபடி?”

உள்ளே இருந்தவர் போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

இரண்டாவது வரி, பிறந்த நாளில் வருபவருக்கு இலவசம். ஏகாம்பரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போனான். அவன் பிறந்தது செவ்வாய்க்கிழமை. இன்றும் செவ்வாய்க்கிழமை. இதில் என்ன குறை என்று அவனுக்கு விளங்கவேயில்லை. ஜன்னலில் இருந்தவர் தேதி கேட்டார். போர்டில் நாள் என்றுதானே போட்டிருக்கிறீர்கள், தேதி என்றா போட்டிருக்கிறீர்கள் என்று ஏகாம்பரம் மிகுந்த மரியாதையோடு கேட்டான். அதுவும் நடக்கவில்லை.

அஞ்சலாட்சிக்கு வெயில் உச்சியில் இறங்கியது. உள்ளே ராட்டினம் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. “முழு டிக்கெட்டே வாங்கிடுங்க. என் வளையலை வேணா அடகு வெச்சுக்கலாம்” என்றாள். அதைக் கேட்டுக் கன்னியப்பன் போர்டை விட்டு அவள் பக்கம் திரும்பினான். பெண்டாட்டி மேல் அவனுக்குக் கொள்ளை ஆசை. அந்த ஆசையில்தான் அவன் மூளை வேலை செய்தது. அது வேலை செய்திருக்க வேண்டாம்.

ஜன்னலுக்குப் பக்கத்தில் மரத்தில் செய்த ஓர் ஒட்டகச்சிவிங்கி நின்றது. அதன் வயிற்றில் சிவப்புக் கோடு. தலை இந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் அரை டிக்கெட் என்று எழுதியிருந்தது. கன்னியப்பன் அதன் அருகே போய், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தலை கோட்டுக்குக் கீழே நான்கு விரல் இறங்கிவிட்டது.

“எழுந்திருய்யா, நின்னு அளக்கணும்” என்றார் ஜன்னலில் இருந்தவர்.

“ராட்டினத்துல நின்னுக்கிட்டுப் போகலாமுங்களா?”

“கூடாது. உட்கார்ந்துதான் போகணும்.”

“போற மாதிரிதாங்க அளக்கணும். நின்னு அளந்துட்டு உட்கார்ந்து போனா அது பொய்யில்லீங்களா?”

ஏகாம்பரமும் தனகோட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு நியாயத்தை அவர்கள் வாழ்நாளில் கேட்டதில்லை. அவர்களும் உட்கார்ந்தார்கள். வரிசை சாலை வரைக்கும் நீண்டது. மேனேஜர் வந்தார், போர்டைப் படித்தார், குனிந்து மூன்று தலைகளையும் பார்த்தார். கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது, கொடுத்துத் தொலை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மேட்டுக்கொல்லைக்கு அவர் என்ன உறவோ தெரியவில்லை.

அஞ்சலாட்சியையும் உட்காரச் சொன்னார்கள். கல்யாண நாளுக்குக் கட்டிய பட்டுப் புடவையோடு நான் புழுதியில் உட்கார மாட்டேன் என்று அவள் முழு டிக்கெட் வாங்கிக்கொண்டாள். அவள் கையில் நீலப் பட்டை கட்டினார்கள். மூன்று ஆண்களுக்கும் வாத்துப் படம் போட்ட மஞ்சள் பட்டை.

நேரே ராட்டினத்துக்குப் போனார்கள். அதை ஓட்டுகிற பையன் ஆளைப் பார்ப்பதில்லை, பட்டையைத்தான் பார்ப்பான். மஞ்சள் பட்டை என்றால் நீலப் பட்டையின் மடியில்தான் உட்கார வேண்டும் என்றான். ஏகாம்பரத்துக்கும் தனகோட்டிக்கும் மடி இல்லாததால் பொம்மை ரயில் பக்கம் போய்விட்டார்கள். கன்னியப்பன் வாங்கிய டிக்கெட்டுக்கு உண்மையாக நடந்துகொள்கிற ஆள். பெண்டாட்டி மடியில் ஏறி உட்கார்ந்தான். நல்ல உழைத்த உடம்பு அவனுக்கு.

ராட்டினம் உச்சிக்குப் போனது.

“தெரியுதா அஞ்சலாட்சி? கடலப் பாரேன், அடேயப்பா. அதோ ஒரு கப்பல். தெரியுதா?”

“உங்க சட்டையில முதுகுப் பக்கம் தையல் விட்டிருக்குது” என்றாள் அஞ்சலாட்சி.

அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. கீழே இறங்கும்போது கால் மரத்துப்போய், கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். கன்னியப்பன் முகத்தில் வாக்கைக் காப்பாற்றிய பெருமை வழிந்தது. அதைப் பார்த்து அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது, சிரிப்பும் வந்தது.

வெளியே போகும் வாசலில் காவலாளி தடுத்தார். மஞ்சள் பட்டைக்காரர்களைப் பெற்றவர்தான் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போக வேண்டும். இவர்கள் உன் பிள்ளைகளா என்று அஞ்சலாட்சியைக் கேட்டார். ஆமாம் என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் கன்னியப்பன் குறுக்கே வந்தான்.

“பொய் சொல்லாத அஞ்சலாட்சி. நான் உன் பிள்ளை இல்ல.”

“அவர் சொல்றது சரிதாங்க. என் பிள்ளை இல்ல. இவரைப் பெத்தவங்க ஊர்ல இருக்காங்க” என்றாள் அவள், நிதானமாக.

குப்பம்மாளுக்குப் போன் போனது. சின்ன வயதிலிருந்து ஏகாம்பரத்துக்கும் தனகோட்டிக்கும் சோறு போட்டவள் என்பதால் மூவருக்கும் அவளே போதும் என்று காவலாளி ஒத்துக்கொண்டார். அடுத்த பஸ்ஸிலேயே வருகிறேன் என்றாள் கிழவி. அதுவரை மூவரையும் காணாமல் போன பிள்ளைகளை வைக்கிற அறையில் உட்காரவைத்து ஆளுக்கொரு குச்சி மிட்டாய் கொடுத்தார்கள். தனகோட்டி சிவப்புதான் வேண்டும் என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான்.

அஞ்சலாட்சி தன் கையைப் பார்த்தாள். நீலப் பட்டை. முழு டிக்கெட். எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். மடியில் யாரும் இல்லை. விறுவிறுவென்று ராட்டினத்துக்கு நடந்தாள். இப்போது அங்கே பெரிய வரிசை, ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுதான் ஏறினாள்.

பெட்டி மெல்ல மேலே ஏறியது. காற்று முகத்தில் அடித்தது. கற்பகத்திடம் எந்தப் பந்தியில், எந்தப் பதார்த்தம் பரிமாறும்போது, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே உச்சிக்குப் போனவள், தற்செயலாகக் கீழே வாசலைப் பார்த்தாள். ஊர் பஸ் வந்து நின்றது. கையில் மஞ்சப்பையோடு மாமியார் இறங்கினாள். பிள்ளையைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறேன் என்று நேரே உள்ளே போகாமல், போர்டின் முன்னால் கைகட்டி நின்றாள். நிதானமாகப் படித்தாள். பிறகு ஒட்டகச்சிவிங்கியின் பக்கத்தில் போய், மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

ஜன்னலில் இருந்தவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டது மேலேயிருந்து தெளிவாகத் தெரிந்தது. மேனேஜர் வந்தார், குனிந்து பார்த்தார், போனார். மாமியார் கையை நீட்ட, மஞ்சள் பட்டையைக் கட்டினார்கள்.

அஞ்சலாட்சி பிடித்த பிடியை விடாமல் அதையே பார்த்துக்கொண்டு இறங்கினாள். கடல் எந்தப் பக்கம் இருந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.