மோருக்கு வந்த சட்டம்

முன்னொரு காலத்தில் வெண்கடம்ப நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதைக் கோதண்ட மாறன் என்ற ராஜா ஆண்டுவந்தான். ஆண்டுவந்தான் என்பதைவிட ஆட்டிவைத்தான் என்பதே சரி. மனசு நல்ல மனசுதான். ஆனால் காலையில் அவனுக்குத் தோன்றியது மத்தியானத்துக்குள் சட்டமாகிவிடும்.

ஒருநாள் கத்திரி வெயிலில் ராஜா மாறுவேடம் போட்டு ஊர்சுற்றப் போனான். இடையர் தெருவில் நாக்கு வறண்டு நின்றவனைச் செவந்தி என்ற மோர்க்காரி கூப்பிட்டு, இஞ்சி தட்டிப் போட்ட மோரை ஒரு செம்பு நிறைய ஊற்றினாள்.

"நான் யாரென்றே தெரியாமல் ஏனம்மா கொடுத்தாய்?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! தாகமா வந்தீங்க, குடுத்தேன்."

ராஜாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நேரே அரசவைக்கு வந்தான். "என் நாட்டில் எல்லாரும் அவளைப்போல நல்லவர்களாக வேண்டும். என்ன வழி?"

அரசாணைகளை எழுதுகிற கனகராயர் குதித்து எழுந்தார். "ஆணை போட்டால் போச்சு, மகாராஜா!"

அமைச்சர் பூவராகர் மெல்ல இருமினார். "அரசே, தானாகக் கனிய வேண்டியதைத் தடியால் அடித்தால் கனியுமா?"

அமைச்சர் தும்மினால்கூடக் கனகராயருக்குப் பொறுக்காது. இதை விடுவாரா? "பார்த்தீர்களா! நாட்டில் நல்லது நடக்கவே கூடாது என்கிறார்!"

அவ்வளவுதான், சட்டம் வந்துவிட்டது. வழியில் போகிற எவருக்கும் வீட்டுக்காரர் மோர் கொடுக்க வேண்டும். சிரித்த முகத்தோடு கொடுக்க வேண்டும். போகிறவரும் மறுக்காமல் குடிக்க வேண்டும். தவறினால் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதை ஊர்வலம். சிரிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தெருவுக்குத் தெரு ஈட்டியோடு சிரிப்புக் காவலர்கள் வேறு.

ஊர் என்னவாகும்? முதலில் மோரில் தண்ணீர் கலந்தது. பிறகு தண்ணீரில் மோர் கலந்தது. கடைசியில் மோர்ப்பானை கழுவிய தண்ணீர்தான் வந்தது. சந்தைக்குப் போகிறவர்கள் நாலு வீட்டு மோருக்குப் பயந்து வாய்க்கால் வழியாகச் சுற்றிப் போனார்கள். சிரித்துச் சிரித்து வலியெடுத்த தாடையோடு வைத்தியர் வாசலில் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கும் வைத்தியர் மோர் ஊற்ற வேண்டியிருந்தது, பாவம்!

இந்த நேரத்தில் காவலர்கள் ஒரு குற்றவாளியை இழுத்து வந்தார்கள். பார்த்தால் செவந்தி!

"நீயா மோர் கொடுக்க மறுத்தாய்?" ராஜா பதறினான்.

"ஆமாங்க மகாராசா. தாகம்னு வர்றவங்களுக்குக் குடுப்பேன். பக்கத்துல ஈட்டியோட ஒருத்தன் நின்னு 'ஊத்து, சிரி'ன்னா, அதுக்குப் பேரு வரிங்க. வரிக்கு ஊத்துற மோரு என் பானையில இல்லீங்க."

"சட்டம் சட்டம்தான்!" என்றார் கனகராயர். "கழுதையைக் கொண்டுவாருங்கள்!"

அமைச்சர் எழுந்தார். "அரசே, வண்ணார் துறையிலிருந்து கழுதை வரும்வரை ஒரு நடை போய், உங்கள் சட்டத்தால் மக்கள் எவ்வளவு நல்லவர்களாகிவிட்டார்கள் என்று பார்த்துவருவோமா?"

கனகராயரையும் சேர்த்துக்கொண்டு மூவரும் மாறுவேடத்தில் புறப்பட்டார்கள். முதல் வீட்டில் மோர். "ஆஹா!" என்றான் ராஜா. அடுத்த வீட்டிலும் மோர். "ம்" என்றான். அதற்கடுத்த வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. தெருக்கோடிக்கு வரும்போது ராஜாவின் வயிறு தண்ணீர்ப்பானை மாதிரி தளும்பியது. அங்கே ஒரு அம்மாள் பல்லை இளித்துக்கொண்டு செம்போடு நின்றாள்.

"அண்ணாந்து நில்லுய்யா!"

"வேண்டாம் தாயே, தாகமில்லை."

"தாகத்தை யார் கேட்டா? சட்டத்துல தாகமுன்னு ஒரு வார்த்தை இருக்கா? காவலரே!"

காவலர்கள் ஓடிவந்தார்கள். உடனே கனகராயர், "நான் குடித்துவிட்டேன் ஐயா, இவர்தான் குடிக்கவில்லை!" என்று ராஜாவைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

"அடேய், நான் ராஜாடா!"

"நேத்துப் பிடிச்சவனும் அதைத்தான் சொன்னான்" என்று ஒரு காவலன் கரியைக் குழைத்து, ராஜாவின் கன்னத்தில் முதல் புள்ளியை வைத்தான்.

"அமைச்சரே, காப்பாற்றும்!"

"ஒரு செம்பு மோர்தானே, அரசே? குடித்துவிடுங்களேன். மோர் நல்லதுதானே?"

"நல்லதுதான் ஐயா! அதற்காக, வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லையா?"

"செவந்திக்கு?" என்றார் அமைச்சர்.

ராஜா பதில் சொல்ல வாயைத் திறந்தான். ஒரு பெரிய ஏப்பம் மட்டும் வந்தது. அமைச்சர் மடியிலிருந்து முத்திரை மோதிரத்தை எடுத்துக் காட்ட, காவலர்கள் ராஜாவின் காலில் விழுந்தார்கள்.

அரண்மனைக்குத் திரும்பும் வழியில் ராஜா கேட்டான்: "அப்படியானால் சட்டமே வேண்டாமா?"

"வேண்டும் அரசே. அடுத்தவர் பானையை உடைக்காதே என்று சட்டம் போடுங்கள், அது வேலி. வேலி மாட்டைத் தடுக்கும். அதுவே பூக்கவும் வேண்டும் என்றால் எப்படி? பூப்பது செடியின் இஷ்டம்."

அரசவையில் ராஜா முதல் வேலையாகச் சட்டத்தைக் கிழித்துப் போட்டுச் செவந்தியை விடுவித்தான். அமைச்சருக்குத் தன் கழுத்து ஆரத்தையே போட்டான். பிறகு கனகராயர் பக்கம் திரும்பினான். அவரோ குடித்த மோரெல்லாம் புரள, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

செவந்தி அவரைப் பார்த்தாள். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு துண்டு சுக்கை எடுத்து நீட்டினாள். "மெல்லுங்கய்யா, வயிறு அடங்கும்."

ராஜா திகைத்தான். "உன்னைக் கழுதையேற்றப் பார்த்தவருக்கா?"

"வலியில துடிக்கிறாரே மகாராசா, பார்த்துக்கிட்டு சும்மா நிக்க முடியுமா?"

கனகராயர் தலை குனிந்தது. சுக்கை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். ராஜாவுக்கு மறுபடி கண் கலங்கிவிட்டது. சிம்மாசனத்திலிருந்து துள்ளி எழுந்தான்.

"ஆஹா! இன்று முதல் நம் நாட்டில் எல்லாரும் கட்டாயம்..."

அமைச்சர் பூவராகர் அரசவை மரியாதையெல்லாம் மறந்து, ஓடிப்போய் ராஜாவின் வாயைப் பொத்தினார்.