எட்டுப் பருவத்துக்கு ஒரு கொம்பு

தாமரைக் குளத்தின் கரையில் விலங்குகள் பந்தாடும் களம் ஒன்று இருந்தது. அந்தக் குளத்து அணிக்குக் காட்டுப்பன்றி கருத்தான் தலைவன். இரண்டு மூங்கில்களுக்கு நடுவே நின்று, பந்து நுழைந்து கோல் விழாமல் காப்பது எறும்புத்தின்னி செதிலன். பந்து வந்தால் அதன்மேல் விழுந்து சுருண்டுகொள்வான். அப்புறம் யார் வந்தாலும் பந்தைப் பிடுங்க முடியாது!

ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொட்டை கொண்டுவந்து போடுவார்கள். அதை அத்திமரப் பொந்தில் சேர்த்து, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமாகப் பிரித்துக் கொடுப்பது மலையணில் செவந்தியின் வேலை. செவந்திக்கு எதற்கெடுத்தாலும் பயம். மழை வந்தால் பொந்து நனைந்துவிடுமோ என்று பயம். மழை வராவிட்டால் கொட்டை காய்க்காதோ என்று பயம். தூக்கத்தில்கூட வாலைப் பொந்து வாசலில் போட்டுத்தான் படுப்பாள்.

அவள் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. முன்பு ஆற்றங்கரை அணி என்று ஒன்று இருந்தது. பெரிய பெரிய ஆட்டக்காரர்களை ஆசை காட்டி இழுத்துவந்தது. கோடையில் பொந்து காலி! ஆட்டக்காரர்கள் பசியோடு ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். இன்று அந்தக் களத்தில் முள்செடிதான் முளைத்துக் கிடக்கிறது.

அதற்குப் பிறகுதான் காட்டுச் சங்கம் ஒரு சட்டம் போட்டது. ஒரு பருவத்தில் பொந்துக்கு வருவதற்கு மேல் எந்த அணியும் அந்தப் பருவத்தில் செலவு செய்யக் கூடாது. மீறினால் அடுத்த பருவம் களத்தில் கால் வைக்க முடியாது.

ஒருநாள் சாயங்காலம் குளத்தங்கரையில் வாசனை கமகமவென்று வந்தது. வாசனைக்குப் பின்னால் தரகர் புனுகுப்பூனை வந்தார். அவருக்குப் பின்னால் உச்சிப்பாறை அணியின் புள்ளிமான் வந்தது. அதன் பெயர் புள்ளியன். தலையில் மரம்போலக் கிளைத்த கொம்பு! அந்தக் கொம்பால் பந்தைத் தட்டினால் மூங்கிலுக்கு நடுவேதான் போகும் என்று காடு முழுக்கப் பேச்சு.

கருத்தானுக்கு எச்சில் ஊறியது. "தரகரே, என்ன விலை?"

"உச்சிப்பாறைக்காரர்கள் எண்பது கூடை கொட்டை கேட்கிறார்கள், தலைவரே!"

"எண்பதா!" செவந்தி கிளையிலிருந்து விழப்போனாள். "சம்பளமெல்லாம் போக ஒரு பருவத்துக்கு எங்ககிட்ட மிஞ்சுறதே பத்துக் கூடைதான்! சட்டம் என்னாகிறது?"

புனுகுப்பூனை மீசையைத் தடவிச் சிரித்தார். "சட்டத்தை யாரம்மா மீறச் சொன்னது? எட்டுப் பருவத்துக்கு ஒப்பந்தம் போடுங்கள். பருவத்துக்குப் பத்துக் கூடை. சட்டத்துக்குள் கச்சிதமாக அடங்கிவிட்டது, பார்த்தீர்களா!"

"அடேயப்பா!" என்று கருத்தான் துள்ளினான். "இது எனக்குத் தோணாமப் போச்சே!"

"அப்ப மானோட சம்பளம்?" என்றாள் செவந்தி.

"அதற்கும் வழி இருக்கிறது. உங்கள் எறும்புத்தின்னியை விற்றுவிடுங்கள். இந்தக் குளத்திலேயே பிறந்து வளர்ந்தவன். விலை கொடுத்து வாங்கியவன் இல்லை. விற்றால் வருவதெல்லாம் லாபம்தானே!"

களத்தின் ஓரத்தில் நின்ற செதிலனுக்கு இது கேட்டது. அப்படியே சுருண்டுகொண்டான். சுருளுக்குள்ளிருந்து மெல்ல ஒரு குரல் வந்தது. "செவந்தி அத்தை, நான் எங்கே போவேன்?"

தரகர் சொன்ன கணக்கில் செவந்தியால் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

அந்தக் காட்டில் ஒப்பந்தம் என்றால் ஈரக் களிமண் பலகையில் பாதம் பதிக்க வேண்டும். தலைவன் பாதம், ஆட்டக்காரன் பாதம், பொந்தைக் காப்பவளின் பாதம். மூன்றும் பதிந்து காய்ந்துவிட்டால் காடே திரண்டாலும் மாற்ற முடியாது.

"இன்றைக்கே முடித்துவிடுவோம்!" என்று புனுகுப்பூனை அவசரப்பட்டார். "மேட்டுக்காட்டு அணி இவனைக் கொத்திக்கொண்டு போகக் காத்திருக்கிறது!"

களிமண் வந்தது. கருத்தான் குளம்பைப் பதித்தான். மானும் பதித்தது. எல்லோரும் செவந்தியைப் பார்த்தார்கள்.

"அஞ்சாவது பருவத்துல இவனுக்குக் கால் உடைஞ்சா?" என்றாள் செவந்தி.

"உடையாது!"

"ஆறாவது பருவத்துல மழை பொய்ச்சுட்டா?"

"பொய்க்காது அம்மா, பொய்க்காது!"

"ஏழாவது பருவத்துல..."

"அக்கா!" என்று கருத்தான் உறுமினான். "நீ கேட்டு முடிக்கிறதுக்குள்ள மண்ணே காஞ்சிடும்!" நிஜமாகவே காயத் தொடங்கியிருந்தது. தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று.

அப்போதுதான் செவந்தி ஒன்றைக் கவனித்தாள். மான் வந்ததிலிருந்து தலையை அத்திமரத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தது.

"ஏன் தம்பி, தலை அரிக்குதா?"

மான் வாயைத் திறப்பதற்குள் தரகர் முந்திக்கொண்டார். "கொசுக்கடி! வேறொன்றுமில்லை!"

தலையைத் தேய்க்கிற ஒருவனுக்கு எண்பது கூடையா? செவந்தியின் பயம் பத்து மடங்காயிற்று. "ஒரே ஒரு தடவை பந்தைத் தட்டிக் காட்டச் சொல்லுங்க. பார்த்துட்டுப் பதிக்கிறேன்."

"இருட்டப்போகிறதே!" என்று நெளிந்தார் புனுகுப்பூனை.

"அதுவும் நியாயம்தான், தட்டட்டுமே!" என்று கருத்தான் பந்தை உயரத் தூக்கிப் போட்டான்.

மான் பாய்ந்தது. கொம்பில் பந்து பட்டது. பந்து பறந்தது. கூடவே ஒரு கொம்பும் பறந்தது! இரண்டும் தொப் தொப்பென்று குளத்தில் விழுந்தன.

ஒற்றைக் கொம்போடு மான் தலை குனிந்தது.

"ஐயையோ! கொம்பு விழுமா?" என்று கருத்தான் அலறினான். "என் தந்தம் ஒருநாளும் விழுந்ததில்லையே! அதுமாதிரிதான்னு நினைச்சேன்!"

"வருஷாவருஷம் விழும் அண்ணே," என்றது மான். "அப்புறம் புதுசா முளைக்கும். முத்துறவரைக்கும் பந்து பட்டா உயிர் போற மாதிரி வலிக்கும். அந்த மாசமெல்லாம் நான் புல்லுக்குள்ள ஒளிஞ்சுக்குவேன். சொல்லிடுறேன்னு தரகர்கிட்ட கெஞ்சினேன். வாயைத் திறக்கக் கூடாதுன்னுட்டார்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே வாசனை மட்டும்தான் இருந்தது. தரகர் புதருக்குள் ஓடிவிட்டார்!

செவந்தி களிமண் பலகையைக் காலால் உருட்டிக் குளத்தில் தள்ளினாள். அது கரைவதைக் கடைசிவரை பார்த்தாள். நெஞ்சிலிருந்த பாரமும் அதோடு கரைந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"தம்பி புள்ளியா, கொம்பு முத்தியிருக்கிற மாசத்துக்கு மட்டும் இரவலா வந்து ஆடுறியா? உச்சிப்பாறைக்கும் உனக்கும் சேர்த்துப் பத்துக் கூடை. அதுக்கு மேல எங்ககிட்ட இல்லை."

மானின் முகம் மலர்ந்தது. "தரகர் போன வாரம் எட்டுப் பருவம்னு சொன்னதுலருந்து எனக்கே தூக்கம் இல்லக்கா! கொம்பு முளைச்சதும் எங்க ஆளுங்ககிட்டப் பேசிக் கூட்டிட்டு வரேன்."

பிறகு உச்சிப்பாறைக்காரர்களும் சம்மதித்தார்கள். கொம்பு இல்லாத மானுக்குச் சும்மா தீனி போட்டுக்கொண்டிருந்தவர்கள்தானே அவர்களும்!

அன்று மான் கிளம்பியதும் கருத்தான் செதிலனிடம் போய் மூக்கால் மெல்லத் தட்டினான். "எழுந்திருடா. உன்னை யாருக்கும் கொடுக்கலை."

"சத்தியமா?" என்றது சுருள்.

"சத்தியமாடா! நீ நிக்கலைன்னா கோல் பக்கம் யாரு, அக்காவா நிக்கப்போறாங்க?"

"நான் நின்னா பந்து என்மேல விழுந்திடுமே!" என்று செவந்தி பதற, செதிலன் சிரித்துக்கொண்டே சுருள் அவிழ்ந்தான்.

அன்று இரவு செவந்தி வாலைப் பொந்து வாசலில் போடாமல், தன்மேல் போர்த்திக்கொண்டு தூங்கினாள்.

ஒரு செலவு சட்டத்துக்குள் அடங்கிவிட்டது என்பதாலேயே அது நம் சக்திக்குள் அடங்கிவிட்டதாக ஆகாது.