துண்டு போடாத அப்பாக்கள்

கடலுக்கும் கோட்டைக்கும் நடுவே வெறும் உப்பளம் மட்டும் இருந்த காலத்துக் கதை, கேளுங்கள்.

சங்குமுனை நாட்டை நெடுவேள் என்றொரு ராஜா ஆண்டான். கெட்டவன் இல்லை. புகழ்ச்சிக்கு மயங்குகிறவன், அவ்வளவுதான். "குடிகளுக்கெல்லாம் அரசனே தகப்பன்" என்று பண்டிதர்கள் அவையில் ஓதினார்கள். உடனே சட்டம் வந்துவிட்டது. இனி எல்லோரும் ராஜாவைத்தான் அப்பா என்று கூப்பிட வேண்டும். தகப்பனுக்குள்ள உரிமை எல்லாம் ராஜாவுக்கே. கிறிஸ்தவக் கோயில்களின் தலைவரான ஆயரைப் 'பிதாவே' என்பதை மட்டும் விட்டுவைத்தார்கள். ஆயரும் அதோடு திருப்தியாகிவிட்டார்.

ராஜா பவனி வந்த நாளில் ஊரே "அப்பா, அப்பா" என்று கத்தியது. தொம்மை என்ற வாலிபன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஏனடா என்று அதட்டியதற்கு, "எங்கப்பா உப்பளத்துல நிக்காரு" என்றான். உள்ளதைத்தானே சொன்னான்! அதற்குத் தலையை வாங்கத் தீர்ப்பு.

அந்த நாட்டில் ஒரு பழைய வழக்கம் உண்டு. தீர்ப்பான பிள்ளையின் தலையில் தகப்பன் தன் தோள்துண்டைப் போட்டு, "இவன் என் பிள்ளை, நான் பொறுப்பு" என்று சொன்னால் உயிர் தப்பும். தொம்மையைப் பெற்ற சூசை உப்புக் காலோடு சபைக்கு ஓடிவந்து துண்டைப் போட்டார்.

"செல்லாது. அந்த உரிமை இப்போது ராஜாவுக்கு" என்றார்கள் பண்டிதர்கள்.

சூசை ராஜாவைக் கும்பிட்டார். "அப்படின்னா நீங்க போடுங்க மகாராசா." ராஜாவுக்கு மனம் இளகத்தான் செய்தது. ஆனால் தன்னை மதிக்காதவனுக்குத் தானே துண்டு போட்டால் சபை சிரிக்காதா? முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சபையில் ராஜாவுக்குப் பக்கத்தில் இருந்த ஆயரிடம் சூசை திரும்பினார். "பிதாவே, இவனுக்கு ஞானஸ்நானம் குடுத்தது நீங்க. நீங்களாவது போடுங்க."

"நான் ஆத்துமாவுக்குத்தான் பிதா, மகனே. உடம்பு அரசருடையது" என்றார் ஆயர், கண்ணை மூடிக்கொண்டு. நல்லா இருக்குதய்யா நியாயம்!

தொம்மையைக் கொண்டுபோனார்கள். ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. பாதியில் எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் கொலைக்களத்துக்கு ஓடினான். தன் பட்டுத் துண்டை உருவித் தொம்மையின் மேல் போட்டு, "இவன் என் பிள்ளை! நான் பொறுப்பு!" என்று கதறினான். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஐயோ, ஒரு நாழிகை முன்னால் அதைச் சொல்லியிருக்கக் கூடாதா?

சூசை குனிந்து அந்தப் பட்டை எடுத்து ராஜாவின் கையில் கொடுத்தார். "என் பிள்ளையைக் குடுங்க ராசா. அடக்கம் பண்ணணும்."

அப்பா என்ற பெயரை ஆசையாய் வாங்கிக்கொள்கிறவன், பிள்ளைக்கு ஆபத்து வரும்போது அப்பாவாக நிற்க வேண்டும்.