வேண்டாம் சாமியார்

செங்கழனி நாட்டை ஆண்ட உக்கிரபூபதிக்குப் பெயரில்தான் உக்கிரம். யாராவது கண்ணை மூடி உட்கார்ந்தால் போதும், மகாராஜா காலில் விழுந்துவிடுவார்.

அவர் ஊருக்குப் பற்றிலாநாதர் என்று ஒரு சாமியார் வந்து சேர்ந்தார். பசு கொடுத்தால் "வேண்டாம்" என்பார். பட்டு கொடுத்தாலும் "வேண்டாம்"தான். உடனே தலைமைச் சீடன் அம்பலவாணன் கைகட்டி விளக்குவான்: "சுவாமி வேண்டாம் என்றால் வேண்டும் என்று பொருள். நம் பக்தியைச் சோதிக்கிறார்."

பசு சுவாமியின் மடத்துக்குப் போகும். பட்டும் பின்னாலேயே போகும். கொடுத்தவர் மறுநாள் இன்னொரு பசுவோடு வருவார். இப்போது போய்ச் சந்தேகப்பட்டால் முதல் பசு வீணாகிவிடாதா?

கடைசியில் மகாராஜா பெரிய ஏரியையே மடத்துக்கு எழுதிவைக்கத் துணிந்தார். சபையில் வைத்துச் சுவாமியிடம் கேட்டார்.

"வேண்டாம்" என்றார் சுவாமி.

சபை சிலிர்த்தது. தட்டான் செப்புப் பட்டயம் வெட்ட உட்கார்ந்தான்.

ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்திருந்தவர்கள் அரண்மனைக்கு ஓடிவந்தார்கள். மதகு மடத்தின் கைக்குப் போனால் தண்ணீர் மடத்து வயலோடு நின்றுவிடும். மாடத்தி என்ற குடியானவப் பெண், அரண்மனை வாசலில் அவை விகடர் தாண்டவராயரை மறித்தாள்.

"ஐயா, இப்பத்தான் நாத்து நட்டேன். தண்ணி நின்னுட்டா எம்புள்ளைங்க எதைத் திங்கும்?"

"நீ போய் வயலைப் பார் தாயி. நான் உள்ளே பார்க்கிறேன்."

தாண்டவராயருக்குக் கோபம் வந்தால் பணிவு கூடிவிடும். அன்று மிகமிகப் பணிவாகச் சபைக்குள் நுழைந்து, சுவாமியின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"சுவாமி, அடியேனுக்கு ஒரு சந்தேகம். ஏரி தங்களுடையதாகப் போகிறது. அந்தக் கரையிலேயே, இன்றே, தாங்கள் ஜீவசமாதி அடைய வேண்டுமா?"

சுவாமியின் கண்கள் இரண்டும் திறந்துகொண்டன.

"வேண்டாம்!"

அம்பலவாணன் ஆனந்தக் கண்ணீர் விட்டான். "சுவாமி திருவுளம் கொண்டுவிட்டார்! மண்வெட்டி எடுங்கள்!"

"டேய், வேண்டாம்டா! வேண்டாம்!"

"அடுக்கிச் சொல்கிறார். ஆழமாகத் தோண்டச் சொல்கிறார்!"

சீடர்கள் வில்வம் பறிக்க ஓடினார்கள். குழியை நிரப்பக் கூடை கூடையாக விபூதி வந்தது. சுவாமிக்கு வியர்த்தது. யோசித்துப் பார்த்தார். வழி கிடைத்துவிட்டதாக நினைத்தார்.

"சரி. எனக்கு ஜீவசமாதி வேண்டும்!"

அம்பலவாணன் தழுதழுத்தான்: "பார்த்தீர்களா! நாம் தாமதம் செய்ததால் வாய்விட்டே கேட்டுவிட்டார்!"

நாலு சீடர்கள் சுவாமியைப் பக்தியோடு தூக்கினார்கள். அவர் திமிறிக்கொண்டு குதித்து, மகாராஜாவின் காலைக் கட்டிக்கொண்டார். அந்தச் சபையில் வழக்கமாக அது நேர்மாறாகத்தான் நடக்கும்.

"மகாராஜா, காப்பாற்றுங்கள்! நான் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றுதான் அர்த்தம்!"

"எப்போதுமா சுவாமி?" என்று பணிவாகக் கேட்டார் தாண்டவராயர்.

"எப்போதும்! சத்தியமாக எப்போதும்!"

தாண்டவராயர் தட்டான் பக்கம் திரும்பினார். "அப்பா, உளியைக் கீழே வை. ஏரியைப் பற்றிக் கேட்டபோதும் சுவாமி வேண்டாம் என்றுதான் சொன்னார்."

மகாராஜா விழித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தம்மை நினைத்தும் கொஞ்சம் சிரித்திருப்பார். பட்டயத்தை உருக்கச் சொல்லிவிட்டு, தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தாண்டவராயருக்குப் போட்டார். அந்தக் களேபரத்தில் பற்றிலாநாதர் கொல்லை வாசல் வழியாக நாட்டையே விட்டுப் போனார்.

தாண்டவராயர் வெளியே வந்தார். வாசலில் சீடர்கள் அத்தனை பேரும் மண்வெட்டியோடு கைகூப்பி நின்றார்கள்.

"சுவாமியின் உள்ளத்தையே படித்தவர் தாங்கள்" என்றான் அம்பலவாணன். "இனி தாங்கள்தான் எங்கள் குரு."

"ஐயையோ, வேண்டாம்!"

அம்பலவாணனுக்குக் கண் கலங்கியது. மற்றவர்கள் பக்கம் திரும்பினான்.

"கேட்டீர்களா?" என்றான்.